மலையிலிருந்து வந்த வெள்ளி

பொலிவியாவின் தெற்கில் இருக்கும் போத்தோசி நகரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் அதன் முடிவில் ஒரு மலை தெரிகிறது. சின்னப் பிள்ளைகள் வரையும் மலைபோல முக்கோணமாக, செம்மண் நிறத்தில், மேலே ஒரு மரம்கூட இல்லாமல். ஸ்பானிய மொழியில் அதன் பெயர் செர்ரோ ரீக்கோ, பணக்கார மலை. கெச்சுவா பேசுபவர்கள் சுமாக் ஓர்க்கோ, அழகிய மலை என்கிறார்கள். இரண்டு பெயரும் ஒரே மலையைப் பற்றியதுதானா என்று சந்தேகம் வரும்.

லா பாஸிலிருந்து இரவுப் பேருந்தில் நானும் நண்பனும் வந்து இறங்கினோம். நம் கினபாலுவின் உச்சி எந்த உயரமோ ஏறக்குறைய அதே உயரத்தில் ஒரு முழு நகரம். பள்ளிக்கூடம், சந்தை, தேவாலயம், போக்குவரத்து நெரிசல் எல்லாம் அங்கேதான். முதுகுப்பையோடு இருபது அடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். விடுதிக்கார அம்மா கோக்கா இலைத் தேநீர் கொடுத்தார். “பேசாம குடிடா, பேசினா இருக்கற மூச்சும் போயிடும்” என்றான் நண்பன். எங்களைப்போல் பை தூக்கித் திரிகிறவர்கள் பெரும்பாலும் உயுனி உப்புவெளிக்குப் போகிற வழியில் இங்கே ஓரிரவு தங்கிவிட்டுக் கிளம்புவார்கள். எங்கள் திட்டமும் அதுதான். ஆனால் மூன்று நாள் ஆகிவிட்டது.

1545இல் இந்த மலையில் வெள்ளி இருப்பது ஸ்பானியர்களுக்குத் தெரியவந்தது. தியேகோ ஹுவால்ப்பா என்ற உள்ளூர்க்காரர் கண்டுபிடித்தார் என்பார்கள். லாமாவைத் தேடி ஏறினார், குளிருக்குத் தீ மூட்டினார், விடிந்து பார்த்தால் தரையில் வெள்ளி உருகிக் கிடந்தது என்று ஒரு கதை. கதை எப்படியோ, அடுத்த அறுபது ஆண்டுகளில் அந்தக் காற்றில்லாத மேட்டில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் குடியேறிவிட்டார்கள். அன்றைய லண்டனோடு ஒப்பிடக்கூடிய கூட்டம். 16ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் உலகம் முழுக்கத் தோண்டிய வெள்ளியில் பாதியளவு இந்த ஒரு மலையிலிருந்து போனது என்பது பொதுவான கணிப்பு. விலைமதிக்க முடியாத எதையும் ‘ஒரு போத்தோசி பெறும்’ என்று சொல்வது ஸ்பானிய மொழியில் மரபுத்தொடராகவே ஆகிவிட்டது.

யார் தோண்டினார்கள் என்பதுதான் கேள்வி. 1570களில் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ என்ற ஆளுநர் ‘மித்தா’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். மித்தா என்றால் கெச்சுவாவில் முறை. ‘இன்னைக்கு உன் முறை’ என்கிறோமே, அந்த முறை. இன்காக்கள் காலத்தில் சாலை போட, வயல் வெட்ட ஊர்க்காரர்கள் முறைவைத்து உழைப்பார்கள். அரசு சோறும் சோளக்கள்ளும் கொடுக்கும். தொலேதோ அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார், சோற்றை விட்டுவிட்டார். குஸ்கோவுக்குத் தெற்கிலிருந்து இன்றைய தெற்கு பொலிவியா வரை பதினாறு, பதினேழு மாவட்டங்களில் வயது வந்த ஆண்களில் ஏழில் ஒருவர் ஓராண்டு போத்தோசிக்கு வர வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய 13,500 பேர். மனைவி, பிள்ளைகள், லாமா, உலர்ந்த உருளைக்கிழங்கு மூட்டையோடு வாரக்கணக்கில் நடந்து வந்தார்கள். திங்கட்கிழமை மலைக்குள் போனால் சனிக்கிழமைதான் இறக்கம். ஒரு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு என்று ஏட்டில் இருந்தது. மித்தா கூலி சாப்பாட்டுக்கே போதாது என்பதால் ஓய்வு வாரங்களிலும் அதே மலையில் கூலிக்குப் போனார்கள்.

எனக்கு மறக்காத விவரம் வேறு ஒன்று. பிறந்த ஊரிலேயே இருப்பவனுக்குத்தான் மித்தா. ஊரைவிட்டு ஓடிப்போய் இன்னொரு ஊரில் வெளியூர்க்காரன் என்று பதிந்துகொண்டால் கிடையாது. அதனால் ஜனங்கள் சொந்த நிலத்தையும் குலத்தையும் விட்டு, தெரியாத ஊரில் அந்நியராக வாழ்வதைத் தேர்ந்தெடுத்தார்கள். மலைக்குள் போகாமல் தப்ப ஒரே வழி, ஊரில்லாதவனாக ஆவது. இருநூற்று நாற்பது ஆண்டுகள் இது நடந்தது. 1812இல்தான் ஸ்பெயினின் நாடாளுமன்றம் ரத்து செய்தது.

“நம்ம கங்காணி முறை மாதிரியா?” என்று நண்பன் கேட்டான். எடுத்தவுடன் ஆமாம் சொல்லத் தோன்றும். ஆனால் நம் பாட்டன்களைக் கப்பலேற்றியது முன்பணமும் கடனும் பஞ்சமும். இங்கே அரசாங்கமே கையில் பட்டியலோடு வந்து நின்றது. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே புரியாமல் போகும்.

அதேபோல இன்னொன்று. இந்த மலை 80 லட்சம் பேரைத் தின்றது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பல பயணக் கட்டுரைகளிலும் அந்த எண் வரும். வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஏற்பதில்லை. அவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டால் நாம் ‘ஐயோ’ என்று சொல்லிவிட்டு அடுத்த படத்தை எடுக்கப் போய்விடுகிறோம். ஆண்டுக்கு 13,500 பேர் என்பது அரசே எழுதிவைத்த கணக்கு. அது போதாதா?

இரண்டாம் நாள் நாணயச்சாலைக்குப் போனோம். 1759 முதல் 1773 வரை கட்டிய கோட்டைபோன்ற கட்டடம், இப்போது அருங்காட்சியகம். முற்றத்து வளைவில் வாயகலச் சிரிக்கும் ஒரு பெரிய முகம் தொங்குகிறது. அது யார் என்று ஊரில் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். உள்ளே ஆளுயரத்துக்கும் மேலான மரப்பல்சக்கரங்கள், ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்தவை. கீழ்த்தளத்தில் கோவேறு கழுதைகள் சுற்றிச்சுற்றி நடக்க, மேலே சக்கரம் சுழன்று வெள்ளிப் பாளத்தைத் தகடாக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் இந்தச் சாலையில் வேலை செய்தார்கள்.

அதற்கு முந்தைய நாணயங்கள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தன. வெள்ளியை வெட்டி, எடைபோட்டு, சுத்தியலால் அடித்த கோணல்மாணல் துண்டுகள். ஓரத்தைக் கொஞ்சம் சீவி எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் செலவு செய்தால் எவனும் கண்டுபிடிக்க முடியாது. சாலைக்குள்ளேயே கலப்படமும் நடந்தது. 1649இல் அந்த மோசடி வெளியே வந்தபோது போத்தோசி நாணயத்தை ஐரோப்பாவில் சந்தேகத்தோடு பார்த்தார்கள். பெரும்புள்ளி ஒருவருக்கு மரண தண்டனையே கொடுத்தார்கள். இங்கே இயந்திரத்தில் அடித்த வட்ட நாணயம் வர 1767 ஆனது. மெக்சிகோவில் அது 1732லேயே வந்துவிட்டது. இந்தப் புது நாணயத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு வேலைப்பாடு இருக்கும். யாராவது சீவினால் உடனே தெரிந்துவிடும்.

நண்பன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அந்த விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். “ரிங்கிட்னா என்னா அர்த்தம்னு தெரியுமாடா?” என்றேன். மலாயில் ரிங்கிட் என்றால் பல்பல்லாக இருப்பது. இந்த ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் விளிம்பைப் பார்த்துத்தான் நம் பக்கம் அந்தப் பெயர் வந்தது. மலாய்க்காரர்கள் விளிம்பைப் பார்த்தார்கள். நாம் அது எதனால் செய்தது என்று பார்த்திருக்கிறோம் போல. ‘ரொட்டி சானாய் ரெண்டு வெள்ளி’ என்கிறோமே, அந்த வெள்ளி. நோட்டு காகிதமாகி நூறாண்டுக்கு மேல் ஆகிறது, சில்லறை வேறு உலோகமாகிவிட்டது, வாயில் மட்டும் இன்னும் வெள்ளி இருக்கிறது. சிங்கப்பூரிலும் அப்படியே.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அக்காபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு ஸ்பானியக் கப்பல்கள் வெள்ளி சுமந்து வந்தன. சீனாவின் பட்டும் பீங்கானும் வாங்க வெள்ளி வேண்டும். ஐரோப்பியக் கம்பெனிகளும் தங்கள் பங்குக்கு மூட்டைமூட்டையாகக் கொண்டுவந்தன. மலாக்கா நீரிணை அந்த வழியில்தான் இருக்கிறது. பினாங்குக்காக ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் தருவதாக 1791இல் கெடா சுல்தானோடு கம்பெனி ஒப்பந்தம் போட்டது. 1819இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் போட்ட ஒப்பந்தத்தில் சுல்தான் ஹுசேனுக்கு ஆண்டுக்கு 5,000, தெமெங்கோங்குக்கு 3,000, அதுவும் ஸ்பானிய டாலர்தான். இங்கிலாந்துக்காரன் மலாய் மன்னருக்குக் கொடுக்கும் பணம், ஸ்பெயின் ராஜா தலை போட்டது!

கம்பெனி ரூபாயைத் திணிக்கப் பார்த்தது, கடைக்காரர்கள் அசையவில்லை. 1855இல் ரூபாயை அதிகாரபூர்வ நாணயமாக்கச் சட்டம் வந்தபோது சிங்கப்பூர் வணிகர்கள் கொதித்தார்கள். இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிய வேண்டும் என்ற கோரிக்கை வலுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1867இல் பிரிந்தார்கள். அந்த ஆண்டே வந்த சட்டம் எந்தெந்த வெள்ளி டாலர்கள் நீரிணைக் குடியேற்றங்களில் செல்லும் என்று பட்டியல் போட்டது: ஹாங்காங், ஸ்பெயின், மெக்சிகோ, பெரு, பொலிவியா. கடைசிப் பெயரைக் கவனியுங்கள். பொலிவியாவின் முதன்மை நாணயச்சாலை இந்தப் போத்தோசியில்தான் இருந்தது. நம் பக்கம் புழங்கியதில் பெரும்பகுதி மெக்சிகோவில் அடித்தது என்பது உண்மை. நான் போத்தோசிக்கு அதிகம் பங்கு கேட்கவில்லை. ஆனாலும் சட்டத்தில் அதன் நாட்டுப் பெயர் இருக்கிறது. நமக்கென்று தனி வெள்ளி டாலர் 1903இல்தான் அடிக்கப்பட்டது.

மூன்றாம் நாள் சுரங்கத்துக்குள் போவதா வேண்டாமா என்று எங்களுக்குள் சண்டை. மனிதன் வேலை செய்வதைக் காசு கொடுத்து வேடிக்கை பார்ப்பதா என்றேன் நான். “நம்ம ஊரு தோட்டத்த வந்து படம் எடுக்கறாங்களே, அதுக்கு நீ கோவப்பட்டியா?” என்றான் அவன். பதில் வரவில்லை. போனோம். முதலில் சுரங்கத் தொழிலாளர் சந்தையில் அவர்களுக்குக் கொடுக்கப் பொருள் வாங்கச் சொன்னார்கள்: கோக்கா இலை, குளிர்பானம், சிகரெட், டைனமைட். ஆமாம், டைனமைட்டைக் கடையில் பிஸ்கட்போல் வாங்கலாம். உள்ளே குனிந்து, சில இடத்தில் தவழ்ந்து போனோம். ஒரு குகையில் கொம்பு வைத்த களிமண் சிலை, வாயில் சிகரெட்டோடு. பெயர் தீயோ, மாமா என்று பொருள். மலைக்கு வெளியே கடவுள், உள்ளே இவர். சாராயமும் கோக்காவும் படைத்துவிட்டுத்தான் வேலை. முனியாண்டிக்குச் சுருட்டு வைக்கிற ஊரிலிருந்து போன எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் வழிகாட்டி முன்னாள் தொழிலாளி. வெள்ளி குறைந்தபின் இந்த மலையில் ஈயம்தான் தோண்டினார்கள் என்றார். 1985 அக்டோபரில் லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரம் நின்றது, விலை பாதியாகச் சரிந்தது. பொலிவியாவின் அரசுச் சுரங்கங்களில் 20,000க்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள், அவர் அப்பாவும் அதில் ஒருவர். நண்பனின் ஊர் கம்பார் பக்கம். தாத்தா ஈயம் தோண்டும் மிதவைக் கப்பலில் வேலை பார்த்தவர். அரைகுறை ஸ்பானிய மொழியில் அவன் ‘அபுவேலோ’ என்று தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, விரலால் காற்றில் 1985 என்று எழுதினான். வழிகாட்டி விளக்கை அவன் முகத்தில் அடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து கோக்கா இலை எடுத்து அவன் கையில் வைத்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

நானூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் குடைந்து மலை உள்ளே கூடாகிவிட்டது. 2011இல் உச்சியில் ஒரு பகுதி உள்வாங்கியது. 2014இல் யுனெஸ்கோ இந்நகரை ஆபத்திலுள்ள பாரம்பரியத் தலங்களில் சேர்த்தது. இப்போது கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து துத்தநாகம், ஈயம், கொஞ்சம் வெள்ளி என்று எது கிடைக்கிறதோ அதை எடுக்கிறார்கள். கணவனைச் சுரங்கத்தில் இழந்த பெண்கள் வெளியே கொட்டிய கல்லை உடைத்து மிச்சம் தேடுகிறார்கள். நாங்கள் உயுனிக்குக் கிளம்பிய காலையில், கன்னத்தில் கோக்கா உருண்டை புடைக்கத் தலைக்கவசம் மாட்டிய பையன்கள் மலைக்குப் போகும் வண்டிக்கு வரிசையில் நின்றிருந்தார்கள். இருவருக்குப் பதினாறு வயதுகூட இருக்காது.