ஓடுற லேப்டாப்புக்கு யாரு துட்டு தருவா?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு கடையிலிருந்து தொடங்குவோம்.

கொஞ்ச நாளைக்கு முன்னால நாகர்கோவிலில் என்னோட பழைய லேப்டாப்பை விக்கப் போனேன். 2016-ல் 46,000 ரூபாய்க்கு வாங்கினது. ஐ-5, ஆறாவது தலைமுறை. கடைக்காரர் மூடியைத் திறந்து, கீபோர்டு பக்கத்தில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைப் பார்த்தார். பவர் பட்டனை அழுத்தவே இல்லை. அப்படியே கவுத்துப் போட்டு, ஸ்குரூடிரைவரால் அடிமூடியைக் கழற்றி உள்ளே ராமைப் பார்த்தார். "ஐயாயிரம் தாறேன். அதுல பாதிக்கு மேல ராமுக்காக்கும்" என்றார்.

"அண்ணே, நல்லா ஓடுதே."

"ஓடும். ஓடுறதுக்கு யாரு துட்டு தருவா?"

இந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் உலுக்கிவிட்டது. நம்ம ஊரில் பழைய பொருளுக்கு விலை சொல்ற முறையே வேற. பாட்டி கல்யாணத்துக்குக் கொண்டுவந்த உருளியையோ குத்துவிளக்கையோ கோட்டாறு பாத்திரக் கடைக்குக் கொண்டுபோனால், முதலில் தராசில் வைப்பார்கள். அன்றைய வெங்கல விலை, பித்தளை விலை, அதிலிருந்து சேதாரம் கழிவு. நசுங்கியிருந்தாலும் கறுத்திருந்தாலும் அடிப்படை விலை அப்படியே நிற்கும். அவசரத்துக்குப் பணயமும் வைக்கலாம். லேப்டாப்பில் நேர் எதிர். கீறல் இல்லை, பேட்டரி நல்லா நிக்குது, எல்லாம் சரி. ஆனால் விலை வேற எங்கேயோ போட்ட கையெழுத்தில் விழுந்திருக்கும். அந்தக் கையெழுத்துகளின் வரலாறுதான் இன்றைய எபிசோட்.

கொஞ்சம் பின்னால போகணும். எல்லையில் விலை மாறுவது இந்த மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் திருவிதாங்கூர் பக்கம். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகத் திருநெல்வேலிப் பக்கம் போகிற சரக்குக்குச் சுங்கம் இருந்தது. 1865-ல் திருவிதாங்கூர், கொச்சி, பிரிட்டிஷ் இந்தியா மூணும் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கைக்குப் பிறகுதான் இந்த உள்நாட்டுச் சுங்கத்தில் பெரும்பகுதி போனது. எல்லையில் ஒரு சாவடி இருந்தால் அந்தப் பக்கச் சரக்குக்கு இந்தப் பக்கம் ஒரு கூடுதல் விலை. சாவடி போனால் அந்தக் கூடுதலும் போய்விடும். இதை மனசில வச்சுக்கோங்க.

இப்போ 1980-களுக்கு வருவோம். நம்ம மாவட்டத்திலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் லீவுக்கு வரும்போது கொண்டுவந்த டூ-இன்-ஒன் ஞாபகம் இருக்கா? ரேடியோவும் கேசட்டும் சேர்ந்தது, பெரும்பாலும் நேஷனல் பானசோனிக். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில், மேலே ஒரு குரோஷா துணி போர்த்தி வைத்திருப்பார்கள். நாலு வருசம் பாட்டுக் கேட்ட பிறகும் அதை விற்றால் நல்ல துட்டு கிடைத்தது. ஜப்பான்காரன் சாமான் உறுதி என்று பெரியவர்கள் சொல்வார்கள். உறுதிதான். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. அன்றைக்கு இப்படிப்பட்ட நுகர்பொருளைக் கடைக்காரர் நினைத்தபடி இறக்குமதி செய்ய முடியாது. பயணி தன் பெட்டியில் கொண்டுவருவதுதான் வழி, அதற்கும் கடுமையான தீர்வை. புதுசு கிடைக்காததால் பழசு விலை தாங்கியது. ஆரல்வாய்மொழிச் சாவடி திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

2000-களில் அதே பெட்டியில் லேப்டாப் வரத் தொடங்கியது. 18 வயது நிறைந்த பயணி ஒரு லேப்டாப்பைத் தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம் என்பது சுங்க விதி. மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் பலர் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் இப்படி துபாயிலிருந்து வந்ததுதான். டூ-இன்-ஒன் மாதிரி இதுவும் விலை தாங்கும் என்று நம்பி வாங்கியவர்கள் உண்டு. தாங்கவில்லை.

காரணம், சாவடி ஏற்கெனவே திறந்துகிட்டிருந்தது. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997-ல் சேர்ந்தது. கம்ப்யூட்டர், அதன் பாகங்கள் மேலிருந்த இறக்குமதித் தீர்வையைப் படிப்படியாகக் குறைத்து 2005-க்குள் பூஜ்யமாக்குவது அந்த ஒப்பந்தம். 2001 ஏப்ரலில் மிச்சமிருந்த நுகர்பொருள் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் நீங்கின. 2007 கடைசியில் ஆசுஸ் இ-பிசி வந்து, நெட்புக் என்ற மலிவு வகையையே தொடங்கிவைத்தது. புதுசு விலை இறங்க இறங்க, பழசு அதற்குக் கீழேதானே நிற்க முடியும்? துபாய்ப் பெட்டியில் வந்ததற்கு இருந்த மவுசு கரைந்தது.

இன்னொரு கையெழுத்து வருமான வரிச் சட்டத்தில் இருக்கு. இதை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை. ஒரு நிறுவனம் கம்ப்யூட்டர் வாங்கினால் வருசா வருசம் 60 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம் என்று வெகுகாலம் இருந்தது. 2017 ஏப்ரலிலிருந்து அது 40 சதவீதம். 60 சதவீதக் கணக்கில் 40,000 ரூபாய் லேப்டாப் ஒரு வருசத்தில் 16,000, அடுத்த வருசம் 6,400, மூணாவது வருசம் 2,560. அதாவது மூணு வருசம் ஆன லேப்டாப் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு நல்ல மிக்சி விலைக்கும் கீழே. அதை 6,000-க்கு மொத்த வியாபாரியிடம் தள்ளினாலும் கணக்குக்கு லாபம். பெங்களூருவிலும் சென்னையிலும் ஐ.டி. கம்பெனிகள் மூணு நாலு வருசத்துக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கில் லேப்டாப்பை மாற்றுகின்றன. லாட்டு லாட்டாக ஏலத்தில் எடுத்து, துடைத்து, எஸ்.எஸ்.டி. போட்டு விற்பதற்கென்றே ஒரு வியாபாரம் வளர்ந்தது. சென்னை ரிச்சி தெரு வழியாக அந்தச் சரக்கு நாகர்கோவில் வரைக்கும் வரும். திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக். கம்பெனிக்கென்று செய்த உறுதியான சாதனம். நீங்க ஆசையா வாங்கி, உறை போட்டு வச்சிருந்த வீட்டு லேப்டாப் இந்தச் சரக்கோடு மோதணும். கடைக்காரர் உங்ககிட்ட ஒண்ணை ஏன் நல்ல விலைக்கு வாங்கணும், அங்கே நூறு ஒரே மாதிரி கிடைக்கும்போது?

இப்போ நம்ம தமிழ்நாட்டுக் கதை.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் வருசத்துக்கு மட்டும் 9.12 லட்சம் மடிக்கணினி, ஒதுக்கீடு 912 கோடி ரூபாய். கொள்முதல் எல்காட் வழியாக. நிறுத்தப்படுவதற்குள் 50 லட்சத்துக்கும் மேல் மாணவர்கள் கைக்குப் போனது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் கன்னியாகுமரி. அரசுப் பள்ளியும் உதவிபெறும் பள்ளியும் கல்லூரியும் நெருங்கிக் கிடக்கிற இடம். இங்கே எத்தனை வீட்டுக்குள் அது போயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ரப்பர் பால் வெட்டப் போறவர் வீடு, கட்டுமரக்காரர் வீடு, பீடி சுற்றுகிற வீடு.

சந்தையில் இதன் விளைவு ரெண்டு விதமா வந்தது. பேசப்பட்டது ஒண்ணுதான். மடிக்கணினிகள் விற்பனைக்கு வருகின்றன, இணையத்தில் விளம்பரம் போடுகிறார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. விற்கக் கூடாது என்பது விதி, மூடியில் அரசு முத்திரை. முத்திரை மேல ஸ்டிக்கர் ஒட்டி விற்க வந்ததை நானே பார்த்திருக்கேன். மாட்டிக்குவோம் என்கிற பயத்துக்கும் சேர்த்துக் கழிவு போட்டுத்தான் வியாபாரி விலை சொல்வார். 'இலவசமா கொடுத்தா இப்படித்தான்' என்று உபதேசம் செய்தவர்கள் ஏராளம். எனக்கு அந்த உபதேசத்தில் உடன்பாடு இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கம்மலை விற்கிற வீடு மடிக்கணினியையும் விற்கும். அதில் பெரிய தார்மீக வீழ்ச்சி எதுவும் இல்லை.

பேசப்படாத விளைவு இன்னொண்ணு. அதுவரைக்கும் பத்தாயிரம் ரூபாய்க்குப் பழைய லேப்டாப் தேடி வந்துகிட்டிருந்தது யாரு? பெரும்பாலும் இதே மாணவர்கள் வீடுதான். அவர்களுக்குப் புதுசே கையில் கிடைத்துவிட்டது. விற்கிறவர் இருந்தார், வாங்குகிறவர் குறைந்தார்.

அந்த மடிக்கணினி பற்றி இன்னொரு விசயம். முதல் தொகுப்பில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்க பக்கத்தில் பாஸைத் திறந்து பார்த்த பிள்ளைகள் ரொம்பக் குறைவு. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. களியக்காவிளையைத் தாண்டி பாறசாலைக்குப் போனால் கேரளப் பள்ளிப் பிள்ளைகள் பல வருசமாக லினக்ஸில்தான் படிக்கிறார்கள். ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கி இப்போது கைட் என்ற பெயரில் நடக்கிற அரசுத் திட்டம். ஒரே சாலை, நடுவில் ஒரு எல்லை. இது ஏன் விலைக்கு முக்கியம் என்று இதோ வர்றேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. ஆன்லைன் வகுப்பு. அலமாரி மேல கிடந்த லேப்டாப்புக்கெல்லாம் திடீர்னு உயிர் வந்தது. புதுசு வரத்தும் தடைபட்டதால் பழசு விலை ஏறியது. அந்த நேரத்தில் கடன் வாங்கி, நகையைப் பணயம் வச்சு, பழசை நல்ல விலைக்கு வாங்கியவர்கள்தான் இந்தக் கதையில் ரொம்ப அடிபட்டவர்கள்.

ஏன்னா அடுத்த கையெழுத்து 2021-ல் விழுந்தது. அக்டோபர் 5-ஆம் தேதி விண்டோஸ் 11 வெளியானது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேணும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாவது தலைமுறை முதல்தான் ஏற்கும் என்றது மைக்ரோசாஃப்ட். எட்டாவது தலைமுறை வந்ததே 2017-ல்தான். அதற்கு முந்தையது எல்லாம் ஒரே நாளில் கோட்டுக்கு அந்தப் பக்கம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடியும் என்ற தேதியும் வந்தது. அன்றைக்கு எந்த லேப்டாப்பும் நின்றுபோகாது. புதுப் பாதுகாப்புத் திருத்தம் வராது, அவ்வளவுதான். அதற்கும் ஒரு வருச நீட்டிப்பு வழி கொடுத்தார்கள். ஆனால் சந்தை தேதி வரைக்கும் காத்திருக்காது. எட்டாவது தலைமுறைக்கு ஒரு விலை, ஏழாவதுக்கு வேற விலை என்று கோடு விழுந்துவிட்டது. கடைக்காரர் பட்டனை அழுத்தாமல் ஸ்டிக்கரை மட்டும் பார்த்தது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் லினக்ஸ். ஆறாவது தலைமுறை லேப்டாப்பில் லினக்ஸ் இன்றைக்கும் அருமையா ஓடும், பாதுகாப்புத் திருத்தமும் வரும். ஆனால் வாங்குகிறவர் விண்டோஸ்தான் கேட்கிறார். மாணவர்கள் வீடுகளில் லினக்ஸைக் கொண்டுபோய் வைத்த ஒரு மாநிலம், அதைப் பழக்கியும் கொடுத்திருந்தால், அமெரிக்காவில் குறித்த ஒரு தேதி குலசேகரத்தில் இருக்கிற லேப்டாப்பின் விலையை இவ்வளவு சுலபமா உடைத்திருக்குமா? எனக்கு அந்தச் சந்தேகம் உண்டு.

சாவடியை மறுபடி மூடும் முயற்சியும் ஒருமுறை நடந்தது. 2023 ஆகஸ்ட் 3-ல் லேப்டாப் இறக்குமதிக்கு உரிமம் வேணும் என்று மத்திய அரசு திடீரென அறிவித்தது. மறுநாளே தள்ளிப்போட்டு, பிறகு உரிமத்துக்குப் பதிலாக இணையத்தில் பதிவுசெய்து அனுமதி பெறும் முறையாக அதை மாற்றிக்கொண்டது. அந்த உரிமம் நிஜமாகவே வந்திருந்தால் 1980-களின் டூ-இன்-ஒன் கதை திரும்பியிருக்கலாம். இதற்கிடையே 2025 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்து, கொடுக்கவும் தொடங்கியிருக்கிறது. மாணவர்களுக்கு நல்லது. பழைய லேப்டாப்பை வச்சுக்கிட்டு விலைக்குக் காத்திருக்கிற என்னை மாதிரி ஆட்களுக்கு இன்னொரு அடி.

சரி, கடைக்காரர் ஏன் ராமைப் பார்த்தார்? 2025 கடைசியில் உலகம் முழுக்க மெமரி சில்லு விலை தாறுமாறா ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் சில்லுகளை வாரிக்கொண்டு போகின்றன. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சாதாரண வாடிக்கையாளருக்கு க்ரூசியல் என்ற பெயரில் ராம் விற்றுவந்த வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஆக, என் லேப்டாப்பின் புராசசர், திரை, கீபோர்டு, பத்து வருச உழைப்பு எல்லாம் சேர்ந்து ரெண்டாயிரத்துச் சொச்சம். விரல் நீளப் பச்சைப் பலகை ஒண்ணு அதைவிட அதிகம்.

நான் விக்கல. வீட்டுக்குக் கொண்டுவந்து லினக்ஸ் போட்டு, பிளஸ் ஒன் படிக்கிற அக்கா மகளுக்குக் கொடுத்திருக்கேன். கடைக்காரர் நான் எந்திரிக்கும்போது சொன்னார்: "ராமை மட்டும் விக்கணும்னா எப்ப வேணும்னாலும் வாங்க அண்ணே. ஆனா பைய வராதீங்க, அதுவும் எறங்கிரும்."