வினா ஏட்டின் மெலிந்த பக்கங்கள்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் கல்வி கடந்து வந்த பாதையைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். நான் வரலாற்றறிஞன் அல்லன். 1978 தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன். ஆகவே, அரசாங்கக் கொள்கைகளோடு என் பழைய குறிப்பேடு ஒன்றையும் சான்றாக வைத்துப் பேசுகிறேன். மாணவர் கேட்டு, எனக்கு உடனே விடை தெரியாத வினாக்களை அதில் எழுதி வைப்பது என் வழக்கம்.

முதல் பக்கத்தில் இருப்பது ஒரு தோட்டத்துச் சிறுவனின் வினா: "ஆசிட் ஊத்தாமலே மங்குல பால் ஏன் சார் ஒறையுது?" காலையில் வெட்டிய ரப்பர் பால் எடுக்காமல் விட்டால் தானே கட்டியாகிவிடுவதை அவன் நாள்தோறும் கண்டவன். எனக்கு விடை தெரியவில்லை. பட்டணத்து நூலகத்தில் ஓர் ஆங்கில நூலில் கிடைத்தது. ரப்பர்த் துகள்களைச் சூழ்ந்த புரதப் படலம் எதிர்மின்னூட்டம் உடையது. அதனால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. பாலில் புகும் நுண்ணுயிர்கள் அமிலத்தை உண்டாக்கும்போது அம்மின்னூட்டம் குறைய, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. இதைத் தமிழில் சொல்லப் பாதி இரவு பிடித்தது. மறுநாள் கேட்டு முடித்தவன், "அதுக்குத்தான் ஸ்டோருல அமோனியா ஊத்துறாங்களா?" என்றான். அதை நான் சொல்லவில்லை, அவனே கண்டுகொண்டான்.

1983இல் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் வந்தபின், மேல்நிலை வகுப்புகளில் அறிவியல் வரலாற்றோடும் புவியியலோடும் கலந்து ஒரே பாடமாயிற்று. 1990களின் நடுவில் மீண்டும் தனிப்பாடமாகி, 1997 முதல் யு.பி.எஸ்.ஆர். தேர்விலும் இடம்பெற்றது. அக்காலத்தில் பரவலான 'உற்றறிதல்' என்னும் கலைச்சொல்மீது எனக்குத் தனிப்பற்று உண்டு. தொடுவுணர்வைக் குறிக்கத் தொல்காப்பியம் ஆண்ட சொல் அது. வெறுமனே பார்ப்பதன்று, பொருளோடு பொருந்தி நின்று அறிவது என்று பிள்ளைகளுக்கு விளக்க, அச்சொல்லே போதுமானதாக இருந்தது.

2003இல் முதலாம் ஆண்டிலிருந்து அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. எங்களுக்கு மடிக்கணினியும் ஒளிபடக்காட்டியும் குறுந்தட்டுகளும் வந்தன. பெற்றோர் பலர் மகிழ்ந்தனர்; அதில் வியப்பில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறும் கதவு ஆங்கிலம் என்பதை வாழ்ந்தறிந்தவர்கள் அவர்கள். ஆங்கிலம் வேண்டா என்று நானும் சொல்லவில்லை. நான் விடை தேடியவை ஆங்கில நூல்கள்தாமே!

அந்த முதல் அணியினர் 2006இல் நான்காம் ஆண்டுக்கு, என் வகுப்புக்கு, வந்தனர். பொருள்களின் ஆங்கிலப் பெயர்களைத் தயங்காமல் ஒப்பித்தனர். 'ஏன்' என்று கேட்பதற்கு மட்டும் வாய் வரவில்லை. ஒருநாள் அதிகாரிகள் வகுப்பைப் பார்வையிட வந்திருந்தனர். பயற்றஞ்செடியைக் கையில் வைத்திருந்த மாணவியொருத்தி தமிழில் கேட்கத் தொடங்கினாள். "ஆங்கிலத்தில் கேள், அம்மா" என்றேன். மென்மையாகத்தான் சொன்னேன். அவள் அமர்ந்துவிட்டாள். வந்தவர்கள் எதையும் கவனிக்கவில்லை. அவர்களுக்கு அஞ்சியவன் நான்தான். எந்தக் கொள்கையும் அச்சொல்லை என் வாயில் திணிக்கவில்லை.

2008இல் அவ்வணியினர் யு.பி.எஸ்.ஆர். எழுதியபோது வினாத்தாள் இருமொழியில் இருந்தது. 2009 ஜூலையில் அத்திட்டம் கைவிடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. பின்னர்ப் படிப்படியாகத் தமிழ் வகுப்புகள் திரும்பின. இடைப்பட்ட காலத்தில் பணிக்கு வந்த இளம் ஆசிரியர்கள், 'சார்பு மாறி', 'கருதுகோள்' போன்ற சொற்களை முதன்முறையாகப் பழகவேண்டியிருந்தது. 2016இல் தொடங்கிய இருமொழிப் பாடத்திட்டத்தால் பழைய வழக்கு மீண்டும் எழுந்தது. அதன் இரு பக்கத்து வாதங்களையும் நீங்கள் அறிவீர்கள். தேர்ச்சி விழுக்காடுகளை முன்வைத்தே இரு தரப்பும் பேசின. பிள்ளைகள் கேட்ட வினாக்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

என் ஏட்டில் 2006 முதல் 2008 வரை, மூன்றாண்டுகளுக்கும் சேர்த்து இரண்டே பக்கங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் தலைப்பில், "வேர் மட்டும் ஏன்" என்று மூன்று சொற்கள் உள்ளன. அந்த மாணவி அமர்வதற்குமுன் சொன்னவை அவை. மீதியை அவள் கேட்கவில்லை. வகுப்பு முடிந்தபின் அழைத்து நானும் கேட்கவில்லை.