கைத்தொலைபேசியும் கைக்கணக்கும்

தோட்டத்திலே பிறந்து வளர்ந்த நம்மவர்க்குப் “பேர்” என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தாய் தந்தையர் இட்ட பேர் ஒன்று. ஒரு நாள் வேலைக்குச் செக்றோலிலே விழும் பேர் மற்றொன்று. “இந்த மாதம் எத்தனை பேர்?” என்று ஒரு பெண் மற்றொருத்தியைக் கேட்டால், அது குடும்பத்தின் தொகையைப் பற்றிய கேள்வியன்று, அடுப்பைப் பற்றிய கேள்வி. அந்தப் பேரை எழுதி வைப்பவர் யார், எழுதிய ஏடு யாருடைய சட்டைப்பையிற் கிடக்கிறது என்பதே நான் சொல்ல வந்த விஷயம். கைத்தொலைபேசியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவன் கொழுந்து மடுவத்தில் போய் நிற்பானேன் என்று பெரியோர்கள் கேட்கலாம். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

சப்ரகமுவ மாகாணத்துத் தேயிலை, றப்பர் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்த காலந்தொட்டு, தொழிலாளியின் கணக்கு தொழிலாளியின் கையில் இருந்ததில்லை. கங்காணியின் கையிலே “துண்டு” இருந்தது. ஒருவன் ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவன்மேல் இவ்வளவு கடன் உண்டு, அதைத் தீர்த்து ஆளை எடுத்துக் கொள்ளலாம் என்று கூறும் சீட்டு அது. மனிதனுடைய நடமாட்டம் முழுவதையும் ஒரு சீட்டிலே அடக்கிய அந்த முறை 1921-ஆம் ஆண்டிலே சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. துண்டு ஒழிந்தது, ஆயினும் பாக்கெட் செக்றோல் ஒழியவில்லை. பிரட்டுக்களத்திலும் மலையிலும் கணக்கப்பிள்ளையின் பையிலிருந்து வெளிப்படும் அச்சிறு புத்தகத்திலே முழுப்பேரும் அரைப்பேரும் விழுந்தன. மாத முடிவிலே அது சொன்னதே வேதம்.

இனி மேல்நாட்டைப் பார்ப்போம். அங்கே சட்டைப்பைக் குறிப்பேட்டை இயந்திரமாக்கும் முயற்சி முன்னமே நடந்து வந்தது. 1984-இல் இங்கிலாந்தின் சையன் கொம்பனி கையடக்க மின்குறிப்பேடு ஒன்றை வெளியிட்டது. அதையும் தொலைபேசியையும் ஒன்றாகப் பிணைத்தால் என்னவென்று எண்ணியவர் அமெரிக்காவின் ஐ.பி.எம். கொம்பனியைச் சேர்ந்த பிராங்க் கனோவா என்னும் பொறியியலாளர். அவருடைய மாதிரிக் கருவி 1992 நவம்பரில் லாஸ் வேகாஸ் கண்காட்சியிலே காட்டப்பட்டது. 1994 ஆகஸ்டில் “சைமன்” என்ற பெயரோடு பெல்சவுத் கொம்பனி அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. நாட்காட்டி, முகவரிப் புத்தகம், கணக்கிடும் கருவி, உலகக் கடிகாரம், குறிப்புத்தாள், மின்னஞ்சல், பக்ஸ் என யாவும் அதனுள்ளே இருந்தன. பொத்தான்கள் இல்லை, திரையைத் தொட்டே வேலை செய்ய வேண்டும். நிறை ஏறக்குறைய அரைக் கிலோ. ஒரு மணி நேரம் பேசினால் மின்கலம் சோர்ந்துவிடும். சேவை ஒப்பந்தத்தோடு வாங்குவோருக்கு விலை 899 டொலர். சுமார் 50,000 கருவிகள் விற்ற பின், 1995 பெப்ரவரியில் விற்பனை நின்றது. ஆறு மாதமே வாழ்ந்த அந்தக் கருவியின் பேரப்பிள்ளைகளே இன்று நம் எல்லோருடைய கையிலும் இருப்பவை.

1996-இல் பின்லாந்தின் நோக்கியா 9000 வந்தது. மூக்குக்கண்ணாடிப் பெட்டியைப் போலத் திறந்தால் உள்ளே தட்டச்சுப் பலகையும் நீண்ட திரையும் தெரியும். அதன் நிறை 397 கிராம்.

நமது நாடு இவ்விஷயத்திலே பின்தங்கியிருக்கவில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1989-இல் செல்ரெல் கொம்பனி இங்கே கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. இந்தியாவிலே முதலாவது கைத்தொலைபேசி உரையாடல் நிகழ்ந்தது 1995 ஜூலையிலே தான். கொழும்பு இப்படி முந்திக்கொண்டதால் தோட்டத்துக்கு என்ன வந்தது என்று கேட்டால், நெடுங்காலம் ஒன்றும் வரவில்லை என்றே சொல்ல வேண்டும். ஆயிரம் டொலர்க் குறிப்பேடு பெரிய வர்த்தகருக்கே ஆனது. எங்கள் தோட்டத்தில் ஆபீசிலே ஒரு தொலைபேசி இருந்ததாம். மரணச் செய்தியென்றால் மாத்திரம் அது லயத்தை எட்டும்.

நிலைமையை மாற்றியது விலையுயர்ந்த கருவியன்று. 2003-இல் வெளிவந்த நோக்கியா 1100, கறுப்பு வெள்ளைத் திரையும் தலையிலே ஒரு சிறு விளக்கும் கொண்டது. சைமனின் பெருமைகள் இதற்கு இல்லை. ஆயினும் எழுப்பும் மணி, நினைவூட்டல், கணக்கிடும் கருவி, தொலைபேசி இலக்கப் புத்தகம் ஆகியவை இருந்தன. ஏழையின் குறிப்பேட்டுக்கு அவை போதும். உலகமெங்கும் 25 கோடிக்கு மேல் இது விற்றது. விடியற்காலையிலே லயத்துப் படியிறங்க அந்த விளக்கு உதவியது என்பதைத் தோட்டத்தார்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதிலே ஒரு குறை. அம்மா கையாண்ட கருவிக்குத் தமிழ் தெரியாது. 2005 தைப்பொங்கலின்போது, மலேசியரான முத்து நெடுமாறன் ஆக்கிய “செல்லினம்” சிங்கப்பூரில் வெளியாகி, கைத்தொலைபேசியிலே தமிழில் செய்தி அனுப்ப வழி திறந்தது. அது இயங்க அதற்கேற்ற கருவி வேண்டும்; எங்கள் 1100-இலே அது ஏறாது.

அந்தக் கருவி எங்கள் வீட்டுக்கு வந்தது பழையதாகத்தான். கொழும்பிலே கடையொன்றில் நின்ற அண்ணன் கொண்டுவந்தார். தன் கொழுந்து நிறையை அதில் எழுதி வைக்க முடியுமா என்று அம்மா கேட்டபோது, தமிழ் எழுத்து இல்லையே என்று நான் தயங்கினேன். “எழுத்து எதுக்குப்பா? நம்பரு போதும்,” என்றார். அதன்படியே இலக்கப் புத்தகத்திலே வாரத்துக்கு ஓர் ஆளைச் சிருஷ்டித்தோம். அந்த ஆளின் தொலைபேசி இலக்கம் பன்னிரண்டு எண்கள். திங்கள் முதல் சனிவரை நாளுக்கு இரண்டு. 18 என்றால் பதினெட்டுக் கிலோ. 00 என்றால் வேலைக்குப் போகவில்லை.

இது நடந்தது 2014-இல். அப்போது நடைமுறையில் இருந்த 2013-ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தப்படி நாட்சம்பளம் 620 ரூபா எனப் பேசப்பட்டாலும், அடிப்படை 450 மாத்திரமே. விலைப்பங்கு 30. மிகுதி 140 ரூபா வரவுக் கொடுப்பனவு. தோட்டம் வேலை கொடுத்த நாள்களில் நூற்றுக்கு 75 பங்கு போனவர்க்கே அந்த 140 உண்டு. ஒரு மாதம் 24 நாள் வேலை கொடுக்கப்பட்டது; 18 பேர் வேண்டும். அம்மாவுக்கு 17 என்று சம்பளச் சீட்டு சொன்னது. கணக்கிட்டுப் பாருங்கள்: 18 பேருக்கு 620 வீதம் 11,160 ரூபா, 17 பேருக்கு 480 வீதம் 8,160. பிடிப்புகளுக்கு முன்னரே, ஒரு பேர் தவறியதற்கு 3,000 ரூபா!

அம்மா தொலைபேசியை முந்தானையில் முடிந்து கொண்டு போனார். நானும் கூடப் போனேன். “மூணாவது வியாழக்கெழம எனக்குப் பேர் விழலிங்க ஐயா. பதினேழு கிலோ போட்டேனுங்க.” கணக்கப்பிள்ளை ஐயா சிரித்து, போனிலே இருப்பதெல்லாம் கணக்காகுமா என்றார். ஆயினும் நாளும் நிறையும் குறிப்பாகச் சொல்லப்பட்டதால் நிறைப் புத்தகத்தைப் புரட்டினார். அன்று 17 கிலோ இருந்தது. மழை நாளிலே பேர் பதிகையில் ஒரு கோடு தவறியிருக்கிறது. அவர் தீயவரல்லர், அடுத்த சம்பளத்தோடு பணம் வந்து சேர்ந்தது.

அதன்பின் எங்கள் லயத்துப் பெண்கள் மாலைதோறும் வந்து தம் நிறையைச் சொல்லிப் பதியச் செய்தார்கள். மனிதருடைய இலக்கங்களைவிடக் கொழுந்தின் இலக்கங்களே அதிலே அதிகமாயின. ஒருநாள் நான் கை தவறி அம்மாவின் ஒரு வாரத்துக் கொழுந்துக்கு அழைப்பெடுத்துவிட்டேன். அப்படியோர் இலக்கம் பாவனையில் இல்லையென்று சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பெண்குரல் பணிவாகச் சொல்லிற்று.