நீலகிரியின் கல் பங்களா

கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690ல் மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டார்கள். குண்டு விழுந்த தூரம் வரை இருந்த ஊர்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. 'குண்டு கிராமங்கள்' என்றே அவற்றுக்குப் பெயர். 130 ஆண்டுகளுக்குப் பின் அதே கம்பெனி நீலகிரியில் நிலம் பிடித்தபோது வெடிச்சத்தமே எழவில்லை.

கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819ல் அந்த மலைமேல் ஏறினார். கோத்தகிரி பக்கம் முதலில் ஒரு பங்களா கட்டினார். பிறகு இன்னும் உள்ளே போனார். 7,000 அடிக்கு மேல், சோலைக்காடும் புல்வெளியுமாகக் கிடந்தது அந்த மேட்டுநிலம். மலைவாழ் மக்களான தோடர்களின் மந்துகள் எனப்படும் குடியிருப்புகளையும், அவர்களுடைய எருமைகளையும் தவிர அங்கே வேறு அரவம் இல்லை. அங்கே தோடர்களிடம் ஏக்கர் 1 ரூபாய் என்று நிலம் வாங்கினார். 1822ல் தொடங்கிய வீடு மறு ஆண்டே எழுந்து நின்றது. மலையில் வாழ்ந்த படகர்கள் அதைக் 'கல் பங்களா' என்றார்கள். இன்றைய ஊட்டிக்கு அதுதான் முதல் ஐரோப்பியக் கட்டடம்.

தோடர் வீடோ மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு வளைத்துக் கட்டியது. வாசல் அத்தனை சிறியது. தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். குளிர் காற்றும் காட்டு விலங்கும் அண்டாத அந்த வீடுகள், கல் பங்களாவுக்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே இருந்தன.

சல்லிவன் ஏரி வெட்டினார், உருளைக்கிழங்கு பயிரிட்டார். வெள்ளைக்காரர்கள் திரண்டு வந்தார்கள். பின்னாளில் சென்னை மாகாண அரசே கோடையில் அங்கே குடியேறியது. இந்த மலை தோடர்களுக்கு உரியது, அவர்களுக்கு ஈடு கொடுத்தாக வேண்டும் என்று சல்லிவனே வாதாடினார். அவரே மலிவு விலைக்கு வாங்கியவர்தான். ஆனாலும் அந்தக் குரலை மதிக்கிறேன். மேலிடம் அதற்கு முழுமனதாகச் செவிசாய்க்கவில்லை. மேய்ச்சல் நிலம் சுருங்கிக்கொண்டே போனது.

கல் பங்களா இன்று ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. ஊட்டிக்குப் போகிறவர்கள் அதைப் பாருங்கள். அப்படியே, அனுமதி கேட்டுக்கொண்டு, ஒரு தோடர் மந்துக்கும் போய் வாருங்கள். ஊட்டியின் வரலாறு மந்திலிருந்துதான் தொடங்குகிறது.