அம்மாவின் வாசனைப் பொடி



பழைய மாணவன் ஒருவன் வெளிநாட்டிலிருந்து கொலோன் பாட்டில் ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரினா குடும்பம் 1709-இல் தொடங்கிய தொழில் அது. சாராயத்தில் எலுமிச்சை, ஆரஞ்சு வகை எண்ணெய்களைக் கலப்பார்கள்.

நம் வீட்டு வாசனைக்குத் தண்ணீரும் எண்ணெயும் புகையும் போதும். சிலப்பதிகாரம் கடலாடு காதையில், ஊடியிருக்கும் கோவலனை மகிழ்விக்க மாதவி நீராடுகிறாள். 10 துவர், 5 விரை, 32 ஓமாலிகை ஊறிய நீர்! (துவர் என்றால் துவர்ப்புச் சரக்கு, மற்ற இரண்டும் மணச்சரக்கு. வகுப்பில் சொன்னேன், மறந்திருப்பீர்கள்.) பிறகு கூந்தலைப் புகையில் உலர்த்திக் கத்தூரிக் குழம்பு பூசுகிறாள். அடியார்க்கு நல்லார் உரையில் அந்தச் சரக்குகளின் பெயர்ப் பட்டியலே இருக்கிறது. உ.வே.சா. 1892-இல் உரையோடு பதிப்பித்ததால் நமக்குக் கிடைத்தது. இலவங்கம், ஏலம், நன்னாரி எல்லாம் இன்றும் நாட்டு மருந்துக் கடையில் வாங்கலாம்.

என் அம்மா வெட்டிவேர், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ் ஆகியவற்றைக் காயவைத்து இடிப்பார். தலைக்குக் குளித்தால் கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணிப் புகை. அளவு கேட்டால், "கைக்குத் தெரியும்டா" என்பார்.

முப்பது வருடத்துக்கு மேல் பாடக்குறிப்பு எழுதிய நான், அதை எழுதி வைக்கவில்லை. அம்மா போன பிறகு மூன்று முறை இடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பூலாங்கிழங்கு வாடைதான் தூக்கலாக வருகிறது.

அக்கா, நீதானே கூட உட்கார்ந்து சலிப்பாய்? பூலாங்கிழங்கு எத்தனை பிடி என்று நினைவிருந்தால் போன் பண்ணு.