மீனுக்கு ஊறு குறைந்த தூண்டில் முள்

வாலிநோக்கம், இராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள மீனவர் ஊர். இக்கடலில் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதன் 21 தீவுகளை ஒட்டிய பூங்கா எல்லைக்குள் மீன்பிடிக்க அனுமதியில்லை. எல்லைக்கு வெளியே பாறை, கட்டா, ஊளி, களவா ஆகிய மீன்கள் பொய் இரையைத் துரத்திப் பிடிக்கும். அவற்றில் குஞ்சுகளைத் திருப்பி விடவேண்டும். களவாக்களில் மிகப் பெரிதாக வளரும் ராட்சதக் களவா, 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அது மாட்டினாலும் விட்டே ஆகவேண்டும். விட்ட மீன் பிழைக்குமா என்பதில் முள்ளுக்குப் பெரும் பங்குண்டு.

ஃப்ளை என்பது இறகு, ரோமம், நூல் கொண்டு முள்ளின் மேல் கட்டிய பொய் இரை. லைனைக் கையால் இழுத்து இழுத்து அதை நீருக்குள் ஓட வைப்பதால், மீன் பெரும்பாலும் வாயோரத்திலேயே மாட்டுகிறது. ஆகவே ஃப்ளையில் முள்ளின் வடிவத்தைவிட எதிர்முள்ளே முதலில் கவனிக்கத்தக்கது. நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் இந்தச் சிறு கூர் கழற்றும்போது சதையைக் கிழிக்கிறது; மீன் கையில் இருக்கும் நேரத்தையும் நீட்டுகிறது. குறட்டால் அதை நசுக்கித் தட்டையாக்கினால் போதும். லைன் தொய்யாமல் பார்த்துக்கொண்டால் மீன் எளிதில் தப்பாது. தன் விரலில் குத்திய முள்ளைக் கழற்றியவருக்கு இதன் அருமை தெரியும்.

உயிர் இரை அல்லது வெட்டு இரை போடும் கைத்தூண்டிலில் நிலைமை வேறு. மீன் நின்று விழுங்குவதால் ஜே வடிவ முள் தொண்டையிலோ செவுளிலோ ஏறிவிடும். அங்கே வட்ட முள்ளே நல்லது. அதன் நுனி தண்டை நோக்கி உள்வளைந்திருப்பதால் தொண்டையில் குத்தாமல் வழுக்கி வந்து வாய் மூலையில் மாட்டுகிறது. வெடுக்கென்று சுண்டாமல், சீராக இழுக்கவேண்டும். பக்கவாட்டில் சாய்ந்த நுனியுள்ள வட்ட முள்ளில் இந்தப் பயன் குறையும். கடலாமைகள் முள்ளை விழுங்குவதைக் குறைக்க, நீண்ட கயிற்றில் ஏராளமான முட்கள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலுக்கும் பெரிய வட்ட முள் பல நாடுகளில் பரிந்துரைக்கப்படுகிறது.

உலோகத்தைப் பொறுத்தவரை, துருப்பிடிக்காத எஃகு முள் உப்புநீரில் நெடுநாள் உழைக்கும்; லைன் அறுந்துபோனால் மீனின் உடலிலும் அவ்வாறே தங்கிவிடும். வெள்ளீயம் பூசிய கார்பன் எஃகு அதைவிட விரைவில் துருவேறும். மெக்சிகோ வளைகுடாவின் அமெரிக்கக் கூட்டாட்சி நீர்ப்பரப்பில் இயற்கை இரையிட்டுப் பார் மீன் (கடலடிப் பாறைகளை ஒட்டி வாழும் மீன்) பிடிப்போர், துருப்பிடிக்கக்கூடிய வட்ட முள்ளையே பயன்படுத்தவேண்டும் என்ற விதி 2008இல் நடைமுறைக்கு வந்தது.

மூன்று கொக்கி முள்ளைத் தவிர்த்து ஒற்றை முள்ளையே கட்டுவது நலம். முள் ஆழத்தில் இறங்கிவிட்டால் பிடுங்காமல், மீன் நீரில் இருக்கும்போதே வாயருகே லைனை நறுக்கிவிடுவது அது பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டும்.