பிக்கப் வண்டிகளில் பிரேக் ஆயில், கியர் ஆயில் பராமரிப்பு: தாமிரபரணிப் பகுதி

சரக்கு பிக்கப் வண்டியின் நிறுத்தும் திறன் பிரேக் ஆயிலையும், கியர் பாக்ஸின் ஆயுள் கியர் ஆயிலையும் நம்பியிருக்கின்றன. திருநெல்வேலி மாவட்டத்தில் களக்காட்டு வாழைத்தாரும் நயினார்குளம் மார்க்கெட் காய்கறியும் ஏறுவது இத்தகைய வண்டிகளில்தான். 2005இல் வந்த டாடா ஏஸ் ஊருக்குள் ‘குட்டியானை’; மகிந்திரா பொலிரோ பிக்கப், 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஆகியவை அதைவிடக் கூடுதல் பாரம் இழுப்பவை.

பிரேக் ஆயில் கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை நாள்பட உறிஞ்சிக்கொள்வது அதன் இயல்பு. டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் 140 ஆகத் தாழலாம். டாட் 4 வகைக்கு இவை 230, 155. மணிமுத்தாறு அணைக்கு மேலே மாஞ்சோலை செல்லும் மலைப்பாதையிலோ ஆரியங்காவுக் கணவாயிலோ லோடோடு பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், வீல் சிலிண்டர் சூடேறி உள்ளிருக்கும் நீர் ஆவியாகிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. சூடு ஆறியதும் பெடல் பழையபடி இறுகிவிடுவதால், அடிவாரத்து ஒர்க்‌ஷாப்பில் சோதித்தால் கோளாறு பிடிபடாது. இதனால்தான் நிறத்தையோ அளவையோ பார்த்து முடிவு செய்யாமல், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிட வேண்டும். இறக்கத்தில் கியரைக் குறைத்து, இன்ஜின் பிடிமானத்தில் இறங்குவதும் அதே அளவு முக்கியம்.

பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்தால் உடனே ஊற்றி நிரப்புவது பரவலான பழக்கம், ஆபத்தான பழக்கமும்கூட. லைனிங் தேயத் தேய ஆயில் இறங்கும், அல்லது எங்கோ கசியும். முதலில் பார்க்க வேண்டியவை அவை. அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் வாசர்கள் ஊதிக் கெட்டுவிடும். நாள்பட்டுத் திறந்துகிடந்த டின்னிலுள்ள ஆயிலும் கூடாது. ஆயில் பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

பிரேக் ஆயிலை மாற்றியபின் ஏர் எடுக்க, அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, இரண்டு பேர் தேவை. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்து நிப்பிளைத் தளர்த்தி, பெடல் எழும்புமுன் இறுக்க வேண்டும்; குமிழ் வருவது நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின்சக்கரத்தில் தொடங்குவார்கள். வண்டிக்கு வண்டி வரிசை மாறும்.

இங்கு ஓடும் பிக்கப்புகள் பெரும்பாலும் கையால் கியர் மாற்றுபவை. அவற்றின் கியர் பாக்ஸுக்குத் தயாரிப்பாளர் சொன்ன கிரேடே சரி. பின் அச்சின் கிரவுனுக்கு (டிஃபரென்ஷியல்) உரிய ஜிஎல்-5 ஆயிலைக் கேட்காமல் கியர் பாக்ஸில் ஊற்றினால், சில வண்டிகளில் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் அரிக்கப்படலாம். வண்டி சமதளத்தில், ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிக்க வேண்டும். வடிப்பதற்கு முன்பே ஊற்றும் துளையின் போல்ட் கழல்கிறதா எனப் பார்த்துக்கொள்வது நல்லது. வடிக்கும் துளையின் காந்த போல்ட்டில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. பல் துண்டுகள் கிடந்தால் கியர் பாக்ஸைப் பிரித்தாக வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி பெருகி திருநெல்வேலி ஜங்ஷன் பகுதி மூழ்கியது. இத்தகைய வெள்ளத்தில் சூடான கியர் பாக்ஸ் நனைந்தால், உள்ளே காற்று சுருங்கி, மூச்சுத்துளை வழியாக நீரை இழுத்துக்கொள்ளும். ஆயில் பால்கலந்த காப்பி நிறமாவது இதன் அடையாளம். மூழ்கிய வண்டியை ஓட்டிப் பார்க்காமல் கியர் பாக்ஸ், கிரவுன் இரண்டையும் வடித்துப் புது ஆயில் ஊற்றி, சிறிது தூரம் ஓடியபின் மறுபடி வடிக்க வேண்டும். பின் டிரம்களைக் கழற்றிச் சேற்றை அகற்றுவதும், பிரேக் ஆயிலை முழுதாக மாற்றுவதும் அதே வேலையில் சேரும்.